பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவர்தம் தாதிமாரும்

ஆஸ்பத்திரிகளில் தாதிமார் நிலைத்திராமல் விலகிச் செல்வதற்கு ஊதியக் குறைவே காரணம் எனப் பலர் கருதுவர். அவர்களுக்குத் தலைமை வகிப்போர் நடந்துகொள்ளும் முறையும் பெருங் காரணமாகும் என்பதைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் சரித்திரத்தால் நாம் அறியலாகும்.

இவ்வம்மையார் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் தோன்றினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் தாதித்தொழில் இழிவாக எண்ணப்பட்டமையால், இவர் அதனை மேற்கொள்ளப் பெற்றோர் நெடுநாள் இசைந்திலர். ஆயினும் 1851-ல் ஜெர்மனியிலுள்ள கைஸர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் பயின்று, 1853-ல் லண்டன் மாநகரின் ஹார்லி வீதியிலிருந்த ஒரு சிறு மருத்துவ விடுதிக்குத் தலைவியானார். மாடிதோறும் வெந்நீர்க் குழாயும், உணவை மேலேற்றும் பொறியும், எந்நோயாளர் அழைத்தார் என்பதைத் தாதிக்குக் காட்டும் மணியும் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். தாதியின் வலிமை படியேறி இறங்குவதில் வீணாகலாகாது என்பதே அவர் கருத்து.

கிரிமியப் போரில் காயமுற்ற வீரரைப் பேணும்பொருட்டு, 1854-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி அவர் 38 தாதிமாருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார். அங்குள்ள வைத்தியர்கள் முதலில் இவர்களை விரும்பவில்லை. வைத்தியர் அழைக்கும்வரை ஒருவரும் நோயாளரை அணுகலாகாது என அம்மையார் கட்டளையிட்டார். துன்புறுவோரைக் கண்டும் வாளாவிருக்க நேர்ந்ததால் தாதிமார் சிலர் மனம் வருந்தினர். எனினும் அப்பொறுமையினாலேயே வைத்தியரின் நம்பிக்கை கிட்டிற்று. மதுவருந்தியோரும் கட்டளை மீறியோரும் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் வந்த அயர்லாந்துக் கன்னியர் கூட்டம் ஒன்று அவருடைய அதிகாரத்துக்கு உட்பட மனமின்றி, 1856-ல் பணியை விட்டு நாடு திரும்பியது. நோயாளர்க்கு நன்மை பயந்த அவருடைய கண்டிப்பு, உடன் உழைத்தோர் அனைவரையும் பிணித்து வைக்கவில்லை என்பதை நாம் மறைத்தல் தகாது.

1860-ல் லண்டன் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் தாதிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. மாணவியர்க்குத் தனியறையும், உணவும், உடையும், முதலாண்டில் 10 பவுன் ஊதியமும் கிடைத்தன. இவ்வளவு வசதியிருந்தும், முதற் பத்தாண்டுகளில் பலர் இடையிலே விலகினர், சிலர் விலக்கப்பட்டனர். நோயினாலும் வேறு அலுவல்களாலும் அதுகாறும் தொலைவிலிருந்தே பள்ளியைக் கவனித்துவந்த அம்மையார், 1872-ம் ஆண்டையொட்டித் தம் முறையை மாற்றிக்கொண்டார். மாணவியரை ஒவ்வொருவராகத் தம் இல்லத்துக்கு வரவழைத்து, அவர்தம் குறைகளைக் கேட்டறிந்து, குறித்து வைத்தார். ஆண்டுகள் பலவற்றில் அவர்கட்கு நீண்ட நிருபமும் எழுதினார். வேற்றூர்களில் தலைமை ஏற்றுச் சென்ற தாதிமார் சோர்வுற்றபோது, அவருடைய கடிதங்கள் அவர்களுக்கு ஊன்றுகோலாயின. 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி, தமது 90-வது வயதில், அவர் காலமானார்.

அம்மையார் முதுமையிலும் ஒழுங்கைத் தளர்த்தினாரில்லை. ஒழுங்கைக் காக்கும் ஒவ்வொருத்தியின் முகத்தையும் மனத்தையும் அறிதல் தலைவியின் கடமை என்பதை அவர் பிற்காலத்தில் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலாயினும் பள்ளியிலாயினும் பிறரை நடத்தும் பொறுப்பு நம்மில் எவர்க்கேனும் வாய்க்குமாயின், தமக்குக் கீழ் உழைப்பவர் ஏன் விலகினர் என்று அவர் விலகிய பின் வினவாது, உடனிருக்கும்போதே வினவி அறிவோமாக.