ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் (செப்டம்பர் 27, 1805 - மார்ச் 10, 1898) பிரசியாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களை நிறுவிய கிறித்தவ ஊழியர் ஆவார். எந்தச் சூழ்நிலையிலும் கடவுளின் நன்மையை நம்பலாம் என்பதைத் தம் வாழ்வின் வழியாகக் காட்ட முயன்றவர். தம் இல்லங்களின் தேவைகளுக்காக எவரிடமும் நேரடியாகப் பொருளுதவி கேட்பதில்லை என்ற கொள்கைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

முல்லர் பிரசியாவின் குரோப்பன்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். இவரது தந்தை வரி வசூலிக்கும் அலுவலர். தந்தையிடம் இருந்த அரசுப் பணத்தைச் சிறுவயதிலேயே திருடிய முல்லர், விடுதிகளில் தங்கிவிட்டுக் கட்டணம் செலுத்தாத குற்றத்திற்காகத் தமது 16ஆம் வயதில் சிறைக்கும் சென்றார். 1825இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றபோது, நண்பர் ஒருவருடன் ஒரு வீட்டில் நடந்த செப கூட்டத்திற்குச் சென்றார். அதுவே இவர் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. ஹாலேயில் பிராங்கே நிறுவியிருந்த அனாதை இல்லம் பின்னாளில் இவருக்கு முன்மாதிரியானது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க்கும் இதே ஹாலே மரபைச் சேர்ந்தவரே.

இங்கிலாந்தில் ஊழியம்

1829இல் இங்கிலாந்து சென்ற முல்லர், டெயின்மவுத் என்ற ஊரில் சபைப் போதகரானார். 1830இல் மேரி குரோவ்ஸ் என்பவரை மணந்தார். அவ்வாண்டிலேயே நிலையான சம்பளத்தைக் கைவிட்டு, மக்கள் மனமுவந்து அளிக்கும் காணிக்கையைக் கொண்டே வாழத் தொடங்கினார். மேரியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவில் ஊழியம் செய்தவர். திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பனுக்கு வழிகாட்டியாக விளங்கியவர். 1832இல் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்த முல்லர், 1834இல் ஹென்றி கிரெய்க்குடன் இணைந்து வேதாகம அறிவுக் கழகத்தை நிறுவினார்.

அனாதை இல்லங்கள்

வறுமைக்கும் முதுமைக்கும் அஞ்சி ஓய்வின்றி உழைத்த தொழிலாளர் பலரை முல்லர் சந்தித்தார். கடவுள் இன்றும் நம்பத்தக்கவர் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய ஒரு சான்று இவர்களுக்குத் தேவை எனக் கருதினார். 1835 திசம்பரில் சங்கீதம் 81:10ஐ வாசித்தபோது, இல்லம் ஒன்றைத் தொடங்கும் துணிவு பெற்றார். குழந்தைகளுக்கு உதவுவதோடு, இறைநம்பிக்கைக்குச் சான்று அளிப்பதும் இவரது முதன்மை நோக்கமாக இருந்தது.

முதல் இல்லம் 1836இல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் திறக்கப்பட்டது. 1838இல் கையிருப்பு முற்றிலும் தீர்ந்த நாட்கள் பல வந்தன. அந்நாட்களில் முல்லரும் உடன் பணியாளர்களும் கூடிச் செபித்தனர், கடன் வாங்கவில்லை. ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் 1849 முதல் 1870 வரை ஐந்து பெரிய இல்லங்கள் கட்டப்பட்டன. அவற்றில் 2,050 குழந்தைகள் தங்க இடம் இருந்தது. இவரது வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வில்லங்களில் வளர்ந்தனர்.

1857ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதல் இல்லத்தின் வெப்பக் கொதிகலனில் கசிவு ஏற்பட்டது. அதைச் சரிசெய்ய நெருப்பை அணைக்க வேண்டியிருந்தது. அப்போது கடுங்குளிர் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. தென்றல் வீசவும், வேலையாட்கள் மனமுவந்து உழைக்கவும் முல்லர் செபித்தார். குறித்த நாளில் காற்று தெற்கிலிருந்து வீசியது; வேலையாட்களும் இரவெல்லாம் உழைத்துப் பணியை முடித்தனர் என அவர் பதிவு செய்துள்ளார்.

இழப்புகளும் நம்பிக்கையும்

கேட்டவை எல்லாம் கிடைப்பதே ஆசீர்வாதம் என்று முல்லர் கருதவில்லை. அவரது மகன் எலியா 1835இல் ஏறக்குறைய 15 மாதக் குழந்தையாக இறந்தான். 1870 பெப்ரவரியில் மனைவி மேரி வாதக் காய்ச்சலால் இறந்தார். அவர் நோயுற்றிருந்தபோது சங்கீதம் 84:11 முல்லருக்கு ஆறுதலளித்தது. கடவுள் நன்மையானதை மறுப்பதில்லை என்றால், மனைவி பிழைப்பது தமக்கு நன்மையாயின் அவர் பிழைப்பார். பிழைக்காவிடின் அதுவும் கடவுளின் நன்மைக்குள் அடங்கும் என்பது அவரது புரிதல். மனைவியின் மறைவுக்குப்பின் சங்கீதம் 119:68ஐக் கொண்டு அவரே அருளுரை ஆற்றினார். மனைவியைத் தமக்குத் தந்ததிலும், நெடுங்காலம் உடன் இருக்கவிட்டதிலும், எடுத்துக்கொண்டதிலும் கடவுள் நல்லவராகவே இருந்தார் என்பதே அதன் சாரம்.

விமர்சனம்

முல்லர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளே மறைமுகமான வேண்டுகோளாக அமைந்தன எனச் சிலர் கருதினர். கடவுள் செய்ததைப் பிறருக்கு அறிவிப்பதும் நன்கொடைகளுக்குக் கணக்குக் காட்டுவதுமே அவற்றின் நோக்கம் என்பது முல்லரின் நிலைப்பாடு.

பிற்காலம்

1871இல் சுசன்னா சாங்கரை மணந்த முல்லர், 1875இல் தமது 69ஆம் வயதில் பயண ஊழியத்தைத் தொடங்கினார். அடுத்த 17 ஆண்டுகளில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் அருளுரை ஆற்றினார். 1898 மார்ச் 10 அன்று, தமது 92ஆம் வயதில் பிரிஸ்டலில் காலமானார். ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு நன்கொடை இவர் கைவழியாக ஊழியங்களுக்குச் சென்றபோதும், தமக்கென இவர் செல்வம் சேர்க்கவில்லை.