மெட்கர் எவர்ஸ்: 12 பேர் கையில் இருந்த நீதி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டிகேட்டர் என்ற சிற்றூரில், 1925 ஜூலை 2-ம் தேதி கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மெட்கர் எவர்ஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வீரராக ஐரோப்பாவில் பணியாற்றினார். ஊர் திரும்பிய பின் 1946-ல் அண்ணன் சார்லஸுடன் வாக்களிக்கப் போனார். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் அவர்களை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. நாட்டுக்காகப் போரிட்டவருக்கு நாட்டில் ஓட்டு இல்லை.

1954-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் மாநிலக் களச் செயலாளர் ஆனார். ஊர் ஊராகப் போய் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதும், கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்வதும் அவர் வேலை.

1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டான். எவர்ஸ் பருத்திக்காட்டுக் கூலியாள் போல உடுத்திக்கொண்டு சாட்சிகளைத் தேடி அலைந்தார். பயத்தை மீறிச் சிலர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள். ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியது ஜூரி.

ஜூரி என்பது ஊர் மக்களில் 12 பேர். சம்பளம் வாங்கும் நீதிபதி ஒருவர் கையில் மட்டும் மனித உயிரை விட்டுவிடாமல், சாதாரண மக்களும் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிகாரத்துக்கு அது ஒரு கடிவாளம். ஆனால் மிசிசிப்பியில் ஜூரிகளை வாக்காளர் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். அந்த மாவட்டத்தின் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 12 வெள்ளை ஆண்கள் சுமார் ஒரு மணி நேரத்தில் கொலையாளிகள் இருவரையும் விடுதலை செய்தார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்பதால் தப்பினார்கள்.

ஓட்டு இல்லாதவனுக்கு ஜூரியில் இடமில்லை. ஜூரியில் இடமில்லாதவனின் உயிருக்கு விலையில்லை. எவர்ஸ் ஓட்டுரிமைக்காக ஓயாமல் உழைத்ததன் பொருள் இதுதான்.

1963 ஜூன் 12-ம் தேதி நள்ளிரவு கடந்து, ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியவரை ஒளிந்திருந்தவன் முதுகில் சுட்டான். அப்போது அவருக்கு வயது 37. அருகில் கிடந்த துப்பாக்கியில் பைரன் டி லா பெக்வித் என்ற வெள்ளை இனவெறியரின் கைரேகை இருந்தது. 1964-ல் இருமுறை விசாரணை நடந்தது. இருமுறையும் ஜூரி முழுவதும் வெள்ளை ஆண்கள். இருமுறையும் 12 பேருக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. பெக்வித் வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்த வெள்ளையர்களிலும் சிலர் விடுதலைக்கு உடன்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வராததால் வழக்கு சாகவில்லை. 1965-ன் வாக்குரிமைச் சட்டம் பட்டியலை மாற்றியது. பட்டியல் ஜூரியை மாற்றியது. 1964-ல் ஜூரிகளைப் பற்றிய விவரங்களை மாநில அரசின் ஆணையம் ஒன்றே பெக்வித்தின் வக்கீல்களுக்குத் திரட்டிக் கொடுத்தது 1989-ல் அம்பலமானது. எவர்ஸின் மனைவி மிர்லி விடாமல் போராடி வழக்கை மீண்டும் திறக்க வைத்தார். 1994 பிப்ரவரி 5-ம் தேதி, 8 கறுப்பினத்தவரும் 4 வெள்ளையரும் கொண்ட ஜூரி பெக்வித்தைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை பெற்ற அவர் 2001-ல் கைதியாகவே இறந்தார்.

அதே மாநிலம், அதே கொலை, அதே ஜூரி முறை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள். 30 ஆண்டு கழித்துத் தீர்ப்பு மாறியது. நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் இன்று ஜூரி இல்லை. ஆனாலும் காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் முடிவெடுக்கும் நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கும் உண்டு. படிக்கும் பிள்ளைகள் அந்த நாற்காலிகளைக் குறிவைத்துப் படிக்கட்டும்.