பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்

கே.கே. நகரில் ஒரு சின்ன வீடு கட்டினாலும் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் கணக்குத் தகராறு வருவது உண்டு. அப்படியிருக்க, இன்னொரு ராஜாவின் மண்ணில் ஆற்றை மறித்து அணை கட்டுவது என்றால் எத்தனை தகராறு வரும்! அந்த வேலையைச் செய்து முடித்தவர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

அவர் 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி புனாவில் பிறந்தார். தந்தை பட்டாளத்து அதிகாரி. 1849-ல் சில்லியன்வாலா சண்டையில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைய அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இங்கிலாந்தில் படித்து, 1860-ல் இந்தியா வந்தார்.

தாது வருஷப் பஞ்சம்

மதுரைச் சீமையில் வைகை வறண்டால் அடுப்பு எரியாது. மலைக்கு மேற்கே பெரியாறு நிறைய ஓடியது. மலையைக் குடைந்து அதைக் கிழக்கே திருப்பலாம் என்பது பழைய யோசனை. 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சம் சர்க்காரை உலுக்கியது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

முதலில் பத்திரம்

இடம் திருவாங்கூர் ராஜாவுடையது. பல வருஷம் பேச்சு நடந்தது. 1886 அக்டோபர் 29-ந் தேதி குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. கல் வைத்தது அதற்குப் பிறகுதான்.

பத்திரம் கெட்டிக்காரத்தனமானது. குத்தகைக் காலம் 999 வருஷம். நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். எல்லைக்கு மரத்தையோ பாறையையோ சொல்லவில்லை. அணை கட்டும் இடத்தில் ஆற்றின் அடிமட்டத்திலிருந்து 155 அடி உயரம் வரை என்று எழுதினார்கள். மரம் விழலாம், பாறை உருளலாம். உயரத்தை யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம் அல்லவா? நிலம் கூடினால் அதற்கும் அதே 5 ரூபாய். சண்டை வந்தால் ஆளுக்கு ஒரு மத்தியஸ்தர். அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர்.

வெள்ளமும் காய்ச்சலும்

1887-ல் வேலை தொடங்கியது. வெள்ளம் கட்டியதை அடித்துப் போனது. காலராவும் மலைக்காய்ச்சலும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகளைக் கொண்டுபோயின. பென்னிகுவிக் விடவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்து அணை எழுந்தது. அவர் சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்று கம்பம் பக்கம் சொல்வார்கள். ஆனால் செலவு சென்னை சர்க்காருடையது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். பென்னிகுவிக் 1911-ல் இங்கிலாந்தில் காலமானார்.

பத்திரம் சொல்லாதது

1886-ல் மின்சாரத்தை யாரும் நினைக்கவில்லை. பின்னாளில் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை சர்க்கார் விரும்பியது. பாசனத்துக்கு மட்டுமே கொடுத்தோம் என்றது திருவாங்கூர். பத்திரத்தில் எழுதியபடியே மத்தியஸ்தர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒத்துப்போகவில்லை. நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941-ல் திருவாங்கூர் பக்கம் தீர்ப்பளித்தார்.

விட்டுப்போனதை 1970-ல் புதிய ஒப்பந்தம் எழுதிச் சேர்த்தது. தமிழ்நாட்டுக்கு மின்சாரம், கேரளத்துக்கு மீன்பிடி உரிமை. ஏக்கருக்கு 5 ரூபாய் 30 ரூபாய் ஆயிற்று.