அழுத சிறுவனும் படமெடுத்தவரும்

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தின் நெரிசலில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தாயைக் காணாமல் தேம்பித் தேம்பி அழுகிறான். 1961-இல் வெளிவந்த 'டெர்மினஸ்' ஆவணப்படத்தின் மற்ற காட்சிகளை மறந்தவர்களுக்கும் இந்தக் காட்சி மறப்பதில்லை. படத்தை இயக்கிய ஜான் ஷ்லெசிங்கருக்கு அப்போது வயது 35.

1926-இல் லண்டனில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை குழந்தை மருத்துவர். ராணுவப் பணி, ஆக்ஸ்போர்டு படிப்பு, சிறுசிறு வேடங்களில் நடிப்பு என்று அலைந்தபின், பிபிசி தொலைக்காட்சிக்குக் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார். பின்னர், அரசுப் போக்குவரத்துத் துறையின் திரைப்படப் பிரிவு அவருக்கு வாய்ப்பளித்தது. ரயில்வேயின் பெருமையைச் சொல்வதுதான் அப்பிரிவின் வேலை. ஷ்லெசிங்கரோ ரயிலைவிட்டு மனிதர்களைப் பார்த்தார்.

ஒரு நிலையத்தின் ஒருநாள் வாழ்க்கை. அரை மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியான படம். ஆவணப்படம் என்றாலே கம்பீரக் குரலில் வர்ணனை என்றிருந்த காலத்தில், இதில் வர்ணனையே இல்லை. அறிவிப்புகளும் காலடி ஓசையும் இசையும்தான் கதை சொல்கின்றன. அலுவலகம் விரையும் கூட்டம், பிரியும் காதலர்கள், கப்பலில் வந்திறங்கி ரயிலேறி லண்டனில் கால்வைக்கும் மேற்கிந்தியத் தீவினர் என ஒவ்வொரு முகத்திலும் கேமரா ஒரு கணம் தங்கி நகர்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவும் பிரிட்டிஷ் அகாதெமியும் படத்துக்கு விருதளித்தன.

ஆனால், கைவிலங்குடன் செல்லும் கைதிகள் நடிகர்கள். அந்தச் சிறுவனோ ஷ்லெசிங்கரின் உறவுக்காரப் பிள்ளை. படத்துக்காகவே தாய் அவனை நிலையத்தில் தனியே விட்டுச் சென்றார். தாய்க்குத் தெரியும், இயக்குநருக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. ஆகவே, சூழல் பொய், கண்ணீர் மெய். காத்திருந்து கண்டதைப் பதிவு செய்வதே நோக்கர் படத்தின் அறம் என்றால், அந்த அறம் இங்கே மீறப்பட்டது. காட்சி எவ்வளவு உயர்ந்ததாயினும், ஒரு குழந்தையின் அச்சத்தை விலையாகக் கொடுத்திருக்கக் கூடாது என்றே எனக்குப் படுகிறது. அதிலும், குழந்தை மருத்துவரின் மகன்!

எனினும், கூட்டத்தில் தனித்து நிற்பவனை அவரது கண் தேடியதற்குக் காரணம் இருந்தது. ஆண்களிடையே தன்பாலின உறவு இங்கிலாந்தில் 1967 வரை சட்டப்படி குற்றம். ஷ்லெசிங்கர் தன்பாலின ஈர்ப்புடையவர். தம்மில் ஒரு பகுதியை மறைத்து வாழ வேண்டியிருந்தவர்.

கதைப்படங்களுக்கு வந்த பிறகும் அந்த நிலையம் அவரைவிட்டு அகலவில்லை. 1963-இல் வந்த 'பில்லி லையர்' நாயகன், லண்டன் ரயிலில் ஏறியும், பால் வாங்கும் சாக்கில் இறங்கி நின்றுவிடுகிறான். காதலியோடு ரயில் போய்விடுகிறது. 1969-இல் வந்த 'மிட்நைட் கௌபாய்' நியூயார்க் தெருக்களில் கைவிடப்பட்ட இருவரின் கதை. சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய ஆஸ்கர் விருதுகளை அது பெற்றது. அதன் இறுதியில், மியாமி செல்லும் பேருந்தில் நண்பன் இறந்துபோகிறான். சக பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். பேருந்து தொடர்ந்து ஓடுகிறது.

ஷ்லெசிங்கர் 2003 ஜூலையில் கலிபோர்னியாவில் காலமானார்.