நீலகிரிக்கு டிரவுட் மீன் கேட்ட டாக்டர் பிரான்சிஸ் டே

பாலிக் புலாவ் பசாரில் காலையில் சியாக்காப் வாங்கும் நம்மவர்களில் வயதானவர்களைக் கேட்டால் அதைக் கொடுவா என்பார்கள். ஹாருவான் என்பது விரால். பிரசவமான பெண்ணுக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கும் தோட்டத்தில் ஆக்கிக் கொடுப்பது அந்த மீனைத்தான். இப்படிப்பட்ட தமிழ்ப் பெயர்களை ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டறிந்து, தம் ஆங்கில நூலில் அந்தந்த மீனுக்குப் பக்கத்திலேயே அச்சிட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் பிரான்சிஸ் டே. தொழிலால் இராணுவ மருத்துவர். இந்திய மீன்களை ஆராய்கிறவர்கள் இன்றும் அவர் நூலைப் புரட்டாமல் இருப்பதில்லை.

அவர் ஆசைப்பட்டுக் கைகூடாமல் போன மீன் ஒன்றும் உண்டு. அது டிரவுட்.

இங்கிலாந்தின் ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும் மீன் இது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, பூச்சி போலச் செய்து, தண்ணீர் மேல் மெல்ல விழும்படி வீசிப் பிடிப்பார்கள். துரைமார்களுக்கு இது பெரிய பொழுதுபோக்கு. ஆனால் டிரவுட்டுக்குக் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீர் வேண்டும். 10 முதல் 16 பாகை வரை அதற்குச் சுகம். 20ஐத் தாண்டினால் திணறும். 25ஐ நெருங்கினால் பிழைப்பது அரிது. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். பினாங்கு மலையின் உச்சியே 833 மீட்டர்தான். அந்த மலைத்தொடரிலிருந்து பாலிக் புலாவ் பக்கம் இறங்கும் தித்தி கெராவாங் அருவி நீர் நமக்குச் சில்லென்று இருக்கும். டிரவுட்டுக்கு அது வெந்நீர் மாதிரி. நீலகிரியில் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். மலையைப் பார்த்த ஆங்கிலேயர்களுக்கு ஊர் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை.

டே 1829 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்துவிட்டு, 1852இல் சென்னை இராணுவத்தில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டாம் பர்மா போரைக் கண்டார். பிறகு கொச்சியில் பணி. அங்கே நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரம் மீன்களோடு கழிந்தது. வலை இழுப்பவர்களிடம் பேசினார், பிடித்து வந்ததை வாங்கிச் சாராயத்தில் ஊறப்போட்டார். 1863இல் கொச்சியின் வரலாற்றையும் 1865இல் மலபார் மீன்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அந்த 1865ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக விவரித்த ஒரு கெண்டைக்கு, சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசன் பெயரைச் சூட்டினார். உடலில் சிவப்புக் கோடு ஓடும் அந்த மீன்தான் இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் ‘மிஸ் கேரளா’.

டிரவுட் கதைக்கு வருவோம். 1863இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவர டே முயன்றார். வந்து சேரவில்லை. முட்டையைக் கப்பலில் கொண்டு போவது எளிது போலத் தோன்றும். ஆனால் டிரவுட் முட்டைக்கு நாள் கணக்கை விட வெப்பக் கணக்குதான் முக்கியம். 10 பாகைத் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பொரித்துவிடும். உறையும் குளிரில் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அன்று சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். எகிப்து வழியாக வந்தால் செங்கடலின் வெயில். அதற்குப் பிறகு சமவெளியைத் தாண்டி மலையேற வேண்டும்.

இது முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1864இல் நார்ஃபோக் என்ற கப்பல் பாசியில் பொதிந்த முட்டைகளைப் பனிக்கட்டிக்கு அடியில் வைத்து, 91 நாள் பயணத்தில் ஆஸ்திரேலியா கொண்டு சேர்த்தது. தாஸ்மானியாவில் டிரவுட் பொரித்தது. நீலகிரிக்கு அப்படி நடக்கவில்லை. ஊட்டி அரசுத் தோட்டத்தின் தலைவர் மெக்ஐவர் 1866 வாக்கில் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். கூட வந்த டென்ச் மீனும் கெண்டையும் ஊன்றிக்கொண்டன. டிரவுட் ஊன்றவில்லை.

சொந்த ஊர் மீனை அடுத்தவர் மலையில் விட்டுப் பார்க்கும் ஆசை, ஆளவந்தவர்களின் ஆடம்பரம்தான். அந்த ஓடைகளில் முன்பிருந்த மீன் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் அதிகம் பேர் கேட்கவில்லை. டேயும் அந்த ஆசையிலிருந்து தப்பியவர் அல்லர். ஆனால் அவர் அதோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் அவரைப் பற்றிப் பேச இடமிருக்கிறது.

ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டியதில் பேர்பெற்ற சர் ஆர்தர் காட்டன், 1867இல் ஒரு சந்தேகம் கிளப்பினார். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் மீன்களை அணைகள் தடுக்கின்றனவோ என்பது அவர் கவலை. அதை ஆராயும் வேலை டேயிடம் வந்தது. கொள்ளிடத்திலும் காவிரியிலும் வெள்ளம் வரும் மாதங்களில் கடலிலிருந்து ஏறி வரும் உல்லம் மீன், அணைக்கட்டில் முட்டி நின்றது. உல்லம் நம்மூர் தெருபோக்கின் நெருங்கிய உறவு. அணையடியில் கூட்டம் கூட்டமாகத் தேங்கியதை அள்ளுவது எளிதாக இருந்தது. மேலே போய் முட்டையிட வேண்டியவை கூடைக்குப் போயின. மீன் ஏறிச் செல்ல அணையில் வழி விட வேண்டும் என்று டே எழுதினார்.

இந்த வேலையின் நடுவே, 1869இல், மனைவி எம்மா இறந்தார். 1872இல் மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே அந்த மனைவியும் இறந்துவிட்டார். அந்த 1873இல்தான் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றியும் கடல் மீன்வளம் பற்றியும் அவருடைய இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. வீட்டில் நடந்த எதையும் அவற்றில் காண முடியாது. 1871 முதல் அவர் இந்திய மீன்வளத் துறைத் தலைமை ஆய்வாளர். நாடு முழுவதும் ஆட்சியர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பி, வலைக் கண் எத்தனை விரல் அகலம், மழை தொடங்கும்போது வயலுக்கு ஏறும் மீனை எப்படிப் பிடிக்கிறார்கள், நஞ்சு கலக்கும் வழக்கம் உண்டா என்றெல்லாம் பதில் வாங்கினார். குஞ்சு தப்பிக்க முடியாத சின்னக் கண் வலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர் முடிவு. முட்டையிடும் காலத்தில் மீனுக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

கடல் அறிக்கையில் இன்னொன்றையும் சொன்னார். உப்பு வரி மீனவர்களை நசுக்குகிறது என்பதே அது. உப்பு விலை ஏறினால் மீனைக் கருவாடாக்க முடியாது, பிடித்தது அழுகும். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் சென்னை மாகாணக் கரையோரத்தில் குறைந்த விலை உப்போடு மீன் உப்பிடும் கூடங்கள் திறக்கப்பட்டன.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது ‘இந்திய மீன்கள்’ என்ற அவருடைய பெருநூல். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றின் கடல் மீனும் ஆற்று மீனும் அதில் உண்டு. படத்தட்டுகள் மட்டும் 195. பினாங்கில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் தியோடர் கேண்டர் 1849இல் வெளியிட்ட மலாய் மீன் பட்டியலும் டேக்குக் கைகொடுத்த நூல்களில் ஒன்று.

சண்டை போடுவதிலும் டே சளைத்தவர் அல்லர். பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பிரிவைக் கட்டியாண்ட ஆல்பர்ட் குந்தரோடு அவருக்கு ஆகவே ஆகாது. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் ஒப்பமாட்டார். கடைசியில் 1883இல் தம் சேகரிப்பின் பெரும்பகுதியை லண்டனுக்குக் கொடுக்காமல் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றுவிட்டார். நம் கடல்களிலும் ஆறுகளிலும் பிடித்த மீன்கள் இரண்டு பெரிய மனிதர்களின் கோபத்தால் சிட்னி போய்ச் சேர்ந்தன. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொன்னால் தப்பில்லை.

1877இல் இந்தியாவை விட்டுப் போன டே, செல்ட்டன்ஹாமில் குடியேறினார். டிரவுட் அவரை விடவில்லை. ஸ்காட்லாந்தின் ஹவிடவுன் மீன் பண்ணையில் டிரவுட்டையும் சால்மனையும் கலந்து இனவிருத்தி ஆய்வுகள் செய்து, 1887இல் அந்த மீன் குடும்பத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வயிற்றுப் புற்றுநோய் கண்டு 1889 ஜூலை 10ஆம் தேதி காலமானார். அவர் கேட்ட மீன்வளச் சட்டம் இந்தியாவில் 1897இல்தான் வந்தது. வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலைக் கண்ணுக்கு அளவு வைக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது.

நீலகிரி டிரவுட் கனவை முடித்து வைத்தவர் ஹெச். சி. வில்சன். இம்முறை இங்கிலாந்து பழுப்பு டிரவுட்டை நம்பவில்லை. வெப்பத்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கும் வானவில் டிரவுட்டை எடுத்தார். முதல் மீன்கள் 1906 வாக்கில் பக்கத்திலிருந்த இலங்கையிலிருந்து வந்தன. பின்னர் ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் வந்தன. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது.

அங்கே தூண்டில்காரர்களுக்கு நாட்காட்டி மழைதான். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடியில் ஓடை கலங்கிச் சீறும். மீன் கல்லிடுக்கில் பதுங்கும், இறகுப் பூச்சியை அது பார்க்கவே பார்க்காது. மழை விட்டுத் தண்ணீர் வடிந்து அடிக்கல் தெரியும்போதுதான் வீச்சுக்கு வேளை வரும். ஆனால் குளிர் இறங்கும் மாதங்களில் டிரவுட் முட்டையிடத் தொடங்கும். அப்போது பெண் மீனைப் பண்ணையில் மெல்ல அழுத்தி முட்டையைப் பிழிந்தெடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, ஓடும் குளிர்நீர்த் தட்டுகளில் வைப்பார்கள். கொஞ்சம் சேறு படிந்தாலும் முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பதால், கெட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்க ஆள் இருக்க வேண்டும்.

அந்தத் தட்டுகளில் குஞ்சு பொரித்தபோது டே இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.