ஒரு கையில் வாள்: செவாலியே சேன் ஜார்ஜ்

வீரன் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவன் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமும் ஏந்தியவன். நாடக மேடையிலும் படக்கதையிலும் அவனை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கேடயம் இல்லாமல், இரண்டாவது ஆயுதமும் இல்லாமல், ஒற்றை வாளை மட்டுமே நம்பி நிற்பவனை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம். பகடை உருட்டி, கற்பனை வீரர்களாக மாறி ஆடும் கதை விளையாட்டு அது. அதில் கேடயம் எடுத்தால் காப்பு எண் 2 கூடும். இரு கைகளாலும் பிடிக்கும் பெருவாள் என்றால் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டலாம். ஒரு கையால் பிடிக்கும் நீள்வாளுக்கு ஓர் எண்முகப் பகடைதான். மறு கையில் வேறு ஆயுதம் இல்லாமல் போரிடப் பயின்றவனுக்கு அடியில் 2 புள்ளி கூடுதல் என்று 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஈடு செய்கிறது. கணக்கு சரிதான். ஆனால் உண்மையான வாட்போரில் அந்த வெறுங்கைக்கு என்ன வேலை? வரலாற்று மாணவனாகிய நான் இதற்கு விடை தேடியபோது கண்டெடுத்த வாழ்க்கைதான் செவாலியே சேன் ஜார்ஜின் வாழ்க்கை. செவாலியே என்ற சொல் நமக்குப் புதியதன்று. 1995-இல் நடிகர் திலகம் சிவாஜி கணேசனைத் தேடி வந்த பிரெஞ்சு விருதின் பெயரல்லவா அது!

பிறப்பு

ஜோசப் போலோஞ் என்பது அவருடைய இயற்பெயர். 1745-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த குவாதலூப் தீவில் பிறந்தார். தந்தை வெள்ளையர், பெருந்தோட்ட முதலாளி. தாய் நானோன் ஆப்பிரிக்க வழி வந்த அடிமைப்பெண். அடிமையின் வயிற்றில் பிறந்த குழந்தையும் அடிமையே என்பது அன்றைய சட்டம். ஆனால் தந்தை மகனைக் கைவிடவில்லை. 1753-இல் ஏழு வயதுச் சிறுவனைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். தாயும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார்.

வாட்கூடம்

பதின்மூன்றாம் வயதில் அவர் பாரிஸ் நகரில் லா போயசியேர் என்னும் ஆசானிடம் சேர்ந்தார். அக்கூடத்தில் ஏட்டுக்கல்வியும் உண்டு, வாட்பயிற்சியும் உண்டு. பயின்ற வாள் மெல்லியது, நுனி மழுங்கியது. வெட்டுவதற்கன்று, குத்துவதற்கே ஆனது. எதிராளியின் மார்பைத் தொட்டால் புள்ளி.

வெறுங்கையின் வேலை இங்கேதான் விளங்குகிறது. வாள் பிடிக்காத கையைப் பின்புறம் உயர்த்திப் பிடிப்பார்கள். உடம்பை ஒருக்களித்து நிறுத்துவதால் எதிராளிக்குக் கிடைக்கும் இலக்கு குறுகுகிறது. முன்காலை நீட்டிப் பாயும்போது பின்கை கீழிறங்கி நீள்கிறது. துலாக்கோலின் மறு தட்டைப்போல உடலின் நிலையைக் காக்கிறது. ஆக, வெறுங்கை சும்மா இருக்கும் கையன்று. கேடயம் செய்யும் வேலையை வாளே செய்ய வேண்டும். வந்த வாளைத் தட்டிவிட்டு, அதே மூச்சில் திருப்பிக் குத்த வேண்டும். இதற்குத் தோள்வலிமையைவிட விரல்களின் நயமும், இடைவெளியை அளக்கும் கண்ணும், காலத்தை அறியும் மனமுமே தேவை.

கம்பிவலை முகமூடி பரவலாகாத காலம் அது. எனவே கூடத்தில் ஒழுங்கு கடுமையாக இருந்தது. ஒருவர் தாக்கினால் மற்றவர் முதலில் தடுக்க வேண்டும். தடுத்த பிறகே தாக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் கண் போய்விடும். இந்த விதி பிரபுவின் மகனுக்கும் ஒன்றுதான். அடிமைப்பெண்ணின் மகனுக்கும் ஒன்றுதான். அவர் வாழ்க்கையில் என் மனத்தைத் தொட்ட இடம் இதுவே.

ஆசானின் மகன் 1818-இல் வெளியிட்ட வாட்கலை நூலில் தம் தோழரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து வயதிலேயே கைதேர்ந்தவர்களை அவர் வென்றாராம். ரூவான் நகரத்து வாளாசான் பிக்கார் அவருடைய நிறத்தைப் பழித்துப் பேசினார். பேச்சுக்குப் பதில் பேச்சால் வரவில்லை, வாட்கூடத்தில் வந்தது. பிக்கார் தோற்றார். மகிழ்ந்த தந்தை மகனுக்குக் குதிரையும் வண்டியும் பரிசளித்தார். பின்னர் அரசரின் காவல்படையில் இடமும், செவாலியே என்ற சிறப்பும் அந்த இளைஞரைத் தேடி வந்தன. 1766-இல் இத்தாலிய வீரர் ஃபால்தோனியிடம் அவர் தோற்றார். ஆயினும் வென்ற ஃபால்தோனியே அவரை ஐரோப்பாவின் தலைசிறந்த வாள்வீரர் என்று பாராட்டினார்.

வாளும் வில்லும்

வாள் பிடித்த விரல்கள் வயலின் வில்லையும் பிடித்தன. 1773-இல் பாரிஸின் புகழ்பெற்ற இசைக்குழுவொன்றுக்குத் தலைவரானார். வயலின் இசைப்படைப்புகள் பல இயற்றினார். ஹெய்டன் பாரிஸ் நகருக்கென எழுதிய ஆறு சிம்பொனிகளை அரங்கேற்றியவரும் அவரே என்பர். அவரைக் கறுப்பு மொசார்ட் என்று அழைப்பதுண்டு. மொசார்ட்டுக்குப் பத்தாண்டு மூத்தவர் அவர். இன்னொருவர் பெயரால் அவரை அறிய வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

1776-இல் பாரிஸ் ஆப்பராவின் தலைமைப் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டது. அங்கிருந்த முன்னணிக் கலைஞர் மூவர் அரசி மரீ அந்துவானெத்திடம் விண்ணப்பம் கொடுத்தனர். கலப்பினத்தார் ஒருவரின் ஆணைக்குத் தாங்கள் கட்டுப்பட இயலாது என்பது அதன் சாரம். பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. வாட்கூடத்தில் தாக்குபவன் எதிரே நிற்பான், தடுக்க வழியுண்டு. ஒரு காகிதம் வந்து தாக்கினால் எந்த வாளால் தடுப்பது? 1777-இல் கறுப்பின மக்கள் பிரான்சுக்குள் வரவும், 1778-இல் அவர்கள் வெள்ளையரை மணக்கவும் அரசு தடை விதித்தது. ஊரே கைதட்டிய வீரர் உள்ளூர்ச் சட்டத்தின் முன் குறைந்தவராகவே நின்றார்.

1787-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் இலண்டன் கார்ல்டன் மாளிகையில், வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் ஒரு பந்தயம் நடந்தது. எதிரே நின்றவர் ஐம்பத்தெட்டு வயதான செவாலியே தியோன். பெண்ணுடையில் வந்து வாள் வீசினார். சேன் ஜார்ஜை அவர் பலமுறை தொட்டார் என்கின்றனர். ரோபினோ என்னும் ஓவியர் அக்காட்சியைத் தீட்டி வைத்தார்.

போர்க்களம்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. எல்லோரும் சமம் என்ற முழக்கம் எழுந்தது. வாட்கூடத்தின் விதி நாட்டின் விதியாகும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். 1792-இல் நிறமக்களைக் கொண்டு அமைந்த படைப்பிரிவுக்குத் தளபதியானார். த்ரீ மஸ்கிட்டியர்ஸ் நாவலைத் தந்த அலெக்சாந்தர் தூமாவின் தந்தை அப்படையில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். 1793 ஏப்ரலில், புரட்சிக்கு எதிராகத் திரும்பிய தளபதி துமூரியே லீல் நகரைக் கைப்பற்ற அனுப்பிய படையை உள்ளே விடாமல் தடுத்ததில் சேன் ஜார்ஜுக்குப் பங்குண்டு. கிடைத்த பரிசு என்ன? அதே ஆண்டில் பதவி பறிபோயிற்று; பல மாதச் சிறைவாசம். 1799 ஜூன் திங்களில், ஐம்பத்து மூன்றாம் வயதில் பாரிஸில் காலமானார்.

பிரான்ஸ் 1794-இல் ஒழித்த அடிமை முறை 1802-இல் மீண்டும் வந்தது. அதைக் குவாதலூப் தீவில் திணிக்க நெப்போலியன் அனுப்பிய தளபதியின் பெயர் ரிஷ்பான்ஸ். பாரிஸில் ஒரு தெருவுக்கு நெடுங்காலம் அவர் பெயரே வழங்கியது. 2001-இல் அப்பெயரை நீக்கிய நகர மன்றம், செவாலியே சேன் ஜார்ஜ் தெரு என்று புதிய பெயரிட்டது.

காலம் கடந்துதான் வந்தது அந்தப் புள்ளி. எனினும் வந்தது. தோழர்களே! திறமைக்குக் கூடம் கொடுத்தால் மட்டும் போதாது. கூடத்துக்கு வெளியேயும் அதே விதி வேண்டும். பட்டம் பெற்று வெளியே செல்லவிருக்கும் நாம் எந்தப் பொறுப்பில் அமர்ந்தாலும், நம் மேசைக்கு வரும் காகிதங்களில் அத்தகைய விண்ணப்பம் ஒன்றும் இருக்கக்கூடும். அன்று இந்த ஒற்றை வாள் வீரரை நாம் நினைத்துக்கொள்வோமாக.