பாதியில் விட்டவர் திரும்பி வந்தார்

பினாங்கு கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969-ல் தோன்றியது. அங்கே பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் தோட்டத்து வீட்டில் அன்றைக்கே திருவிழாதான். இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அடுத்த தவணைக்குப் பணம் புரட்ட முடியாமல் முழிக்கிற தாய் தகப்பன்மாரையும் நாம் அறிவோம். நகையெல்லாம் அடகுக்குப் போயாச்சு. இனி படிப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா? இந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காக இன்று டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

அம்பேத்கர் 1891-ல் பிறந்தவர். தீண்டாமைக் கொடுமையில் வளர்ந்தவர். 1913-ல் தகப்பனார் காலமானார். அந்த வருசமே பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் உதவிச் சம்பளம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, 1916-ல் லண்டன் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். 1917-ல் உதவிச் சம்பளம் நின்றுபோச்சு. லண்டனில் தங்க வழியில்லை.

அவர் என்ன செய்தார்? கடன்மேல் கடன் வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடியும் வரவில்லை. நாலு வருசத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த ஒரு காரியம்தான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

ஊரிலும் பாடு ஓயவில்லை. பரோடாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தும், சாதியைச் சொல்லித் தங்க இடம் தர மறுத்தார்கள். பம்பாய்க்குத் திரும்பினார். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். மனைவி ரமாபாய் பற்றாக்குறையிலேயே குடும்பத்தை ஓட்டினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடியும் லண்டன்! அரைவயிறு சாப்பிட்டு, நூலகமே கதியென்று கிடந்து, 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ்டரும் ஆனார். பிற்காலத்தில் இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைவரானார். 1956-ல் மறைந்தார்.

பெற்றோர்களே, நாம் சொல்ல வருவது இதுதான். பணமில்லாமல் படிப்பை நிறுத்துவது மானக்கேடு இல்லை. ஆனால் நிறுத்துமுன் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்க. இடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், முடித்த பாடங்கள் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்க. பட்டம் முடியும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தாளில் கணக்குப் போடுங்க. அரசாங்கக் கல்விக் கடனும் கடன்தான். பிள்ளை சம்பாதித்துக் கட்டக்கூடிய அளவா என்று பாருங்க. தாங்காது என்றால் பாலிடெக்னிக் போன்ற குறைந்த செலவுப் படிப்புக்கு மாறுவதும் நல்ல வழியே.

பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்க. வட்டிக்காரன் வாசலுக்கு வந்த பிறகு யோசித்துப் புண்ணியமில்லை.